கன்று நல்லது, விற்றவர் பேச்சு வேண்டாம்: முள்ளில்லா மூங்கில் பற்றி

கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வாழையும் மஞ்சளும் வைத்திருப்பவள் நான். 2019 ஆடியில் "முள்ளில்லா மூங்கில்" என்று விற்ற கன்றுகளை வாங்கி வாய்க்கால் ஓரமாக ஒரே வரிசையில் நட்டேன். இப்போது தோட்டத்துக்கு யார் வந்தாலும் அந்த வரிசையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க, கன்று எவ்வளவு, காசு வருதா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கன்றுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கன்றோடு சேர்த்து விற்ற வாய்ச்சொல்லுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

விற்றது ஒரு தனியார் நாற்றுப்பண்ணை. பெயர் வேண்டாம், இந்தப் பேச்சைப் பேசுபவர்கள் பலர் இருக்கிறார்கள். கன்று ஒன்று எண்பது ரூபாய், வண்டி வாடகை தனி. கூடவே ஒரு வழவழப்பான நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை அடி வளரும், முள்ளே கிடையாது, தண்ணீர் தேவையில்லை, ஒரு முறை நட்டால் நூறு வருஷம் வெட்டலாம், நான்காம் வருஷத்திலிருந்து நாங்களே டன் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் அச்சடித்திருந்தது. பெங்களூரு விமான நிலையத்தின் புது முனையத்தில் இருக்கும் மூங்கில் கூரைப் படங்கூட இப்போது வரும் நோட்டீஸ்களில் இருக்கிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பட்டறையில் பதப்படுத்தி, ஒட்டி, இழைத்த மூங்கில். நம் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரம் நேராக அங்கே போய் நிற்காது.

செடியின் முழுப்பெயர் பம்பூசா பால்கோவா. (ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) இதற்குச் சொந்த ஊர் அசாம், திரிபுரா, வங்காளம், வங்கதேசம், நேபாளத்தின் அடிவாரம். அசாமில் பலூகா என்கிறார்கள், வங்காளத்தில் பால்கு. அங்கே இதைக் காட்டில் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில், குளத்துக் கரையில், ஊர் எல்லையில் என்று குடும்பத்துக்கு நாலு தூராவது, அதாவது நாலு மூங்கில் கொத்தாவது நிற்கும். வீட்டுக்கு நடுத்தூண், ஓடைக்குப் பாலம், கட்டடத்துக்குச் சாரம், துர்கா பூஜைப் பந்தலுக்குக் கால் என்று எல்லாவற்றுக்கும் மூங்கில்தான், அதிலும் பளு தாங்க வேண்டிய இடத்துக்கு இதுதான். நம்மூரில் பீமா என்ற பெயரில் பிரபலமானதும் இந்த இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து, ஓசூரில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய ரகமே. ஆகவே யாராவது "பீமா வேறு, பால்கோவா வேறு" என்று விலையில் வித்தியாசம் காட்டினால் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "மூங்கில் வைத்தால் தோட்டம் பூராவும் பரவிவிடும்" என்று என் கொழுந்தனார் நட்ட அன்றைக்கே சொன்னார். அப்படி மண்ணுக்கடியில் ஓடி ஓடி நாலு வயல் தள்ளி முளைப்பது சீனா, ஜப்பான் பக்கத்துக் குளிர்நாட்டு மூங்கில். நம் வெப்பநாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் தூர் கட்டுபவை. கிழங்கு குட்டையாக, வளைந்து, நுனியிலேயே அடுத்த மரத்தை, அதாவது அடுத்த மூங்கில் கழியை, மேலே அனுப்பிவிடும். அதன் பக்கத்து மொட்டிலிருந்து அடுத்த கிழங்கு. இப்படி ஒன்றை ஒன்று ஒட்டியே போவதால் தூர் வருஷத்துக்குக் கொஞ்சமாகத்தான் அகலும். என் வரிசையில் நட்ட கோட்டை விட்டு ஒரு முளையும் தாவி வரவில்லை.

கன்று வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பணம் போவது இங்கேதான். பால்கோவா எப்போதாவது பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. அதனால் விதைக்கன்று என்று ஒன்று இந்த இனத்தில் கிடையாது. திசு வளர்ப்புக் கன்று, கணுக்குச்சி, பக்கக் கிளை, அல்லது கிழங்கோடு பிரித்த தூர்க்கட்டை, இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். "விதையில் போட்டது, அதனால் விலை குறைவு" என்று யாராவது கொடுத்தால் அது வேறு மூங்கில், அநேகமாக நம்மூர் முள் மூங்கில். எனக்கு வந்த லோடில் கடைசியாக இறக்கிய சில பைகள் அப்படித்தான். முதல் வருஷம் எல்லாமே ஒரே பச்சையாகத் தெரிந்தது. இரண்டாம் வருஷம் அந்தத் தூர்களில் மட்டும் கணுவுக்குக் கணு இரண்டும் மூன்றுமாக வளைந்த முள் வந்தது. பண்ணைக்குப் போன் செய்தால், "அதுவும் நல்ல மூங்கில்தானுங்க மேடம்" என்று பதில். முள் மூங்கில் நல்லதுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லையே. தோண்டிப் போட மனமில்லாமல் வேலி மூலையில் மாற்றி வைத்தேன். பன்றிக்கு நல்ல தடுப்பு.

அடுத்தது வேர். கன்றுப் பையில் ஒரே ஒரு தடித்த குச்சி நின்று, அதன் கணுவில் இலை தளதளவென்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். குச்சி தன் கையிருப்பைச் செலவழித்தே அவ்வளவு இலை விடும். அடியில் கிழங்கு கட்டியிருக்காது. அப்படிப்பட்ட கன்று நட்டால் சாகவும் சாகாது, புது முளையும் விடாது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல கன்றில் அடிமண்ணிலிருந்து மெல்லிய தண்டுகள் மூன்று நாலாவது வந்திருக்க வேண்டும். அதில் கடைசியாக வந்தது மற்றதைவிடத் தடித்திருக்க வேண்டும். பையை லேசாக அமுக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் கட்டி தட்டுப்படும், அதுதான் கிழங்கு. எனக்கு வந்ததில் பெரும்பாலானவை இப்படி நல்ல கன்றுகளாகவே இருந்தன. அந்த மட்டில் பண்ணையைக் குறை சொல்ல மாட்டேன். நட்டதில் செத்தது மிகக் கொஞ்சம்.

பன்னிரண்டு அடிக்கு ஒரு கன்று என்று வாய்க்கால் ஓரம் ஒற்றை வரிசை. தோப்பாகவே போடுகிறவர்கள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் விடுகிறார்கள், ஏக்கருக்கு 160 கன்று வரும். "அடர் நடவு, ஏக்கருக்கு ஆயிரம்" என்றும் ஒரு கணக்குச் சொன்னார்கள். எரிக்கத்தான் மரம் என்றால் சரி. உருப்படியான நீளமரம் வேண்டுமென்றால் உள்ளே ஆள் நுழைந்து வெட்ட இடம் வேண்டாமா? இரண்டடிக் குழி, அடியில் தொழுவுரம், மேல்மண், அவ்வளவுதான் செலவு.

தண்ணீர் தேவையில்லை என்பது சுத்தப் புளுகு. இதன் சொந்த ஊர்களான அசாம், திரிபுராவில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஈரோட்டுப் பக்கம் 700 சொச்சம். வாய்க்கால் கசிவு இருந்தும் முதல் இரண்டு கோடைக்கு நான் சொட்டு நீர் போட்டேன். வாய்க்கால் அடைத்த மாதங்களில் இலை சுருண்டு குழாய் மாதிரி நிற்கும், தண்ணீர் விட்ட மறுநாள் விரியும். தண்ணீர் பஞ்சம் உள்ளவர்கள் இதை நட்டால் செடி செத்துவிடாது, ஆனால் மரம் பெருக்காது. மேட்டாங்காட்டுக்காரர்களுக்குக் கல் மூங்கில்தான் பொருந்தும். நம் சத்தியமங்கலம், பர்கூர் மலைகளின் வறண்ட காடுகளில் தானாக நிற்பது அது. ஒல்லியாக, கிட்டத்தட்ட உள் ஓட்டையே இல்லாமல் கெட்டியாக வரும். போலீஸ் லத்திக்குப் போவதும் அதுதான்.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். முதல் வருஷம் பார்க்கிறவர்கள் "புல்லா நட்டிருக்கே?" என்றுதான் கேட்பார்கள். மூங்கிலும் புல் குடும்பந்தான், தப்பில்லை. இரண்டாம் மழைக்குச் சுண்டுவிரல் கனத்தில் முளை வந்தது. அடுத்த மழைக்குக் கட்டைவிரலைத் தாண்டியது. அதற்கடுத்தது மணிக்கட்டு. ஒரு மரம் மண்ணைவிட்டு வெளியே வரும்போது என்ன சுற்றளவோ, கடைசி வரைக்கும் அதே சுற்றளவுதான். வேப்பமரம் போல வருஷா வருஷம் பெருக்காது. கிழங்குக்கு வலு ஏற ஏற அடுத்த தலைமுறை தடிமனாக வரும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மழை இறங்கினால் தூரின் வெளிவட்டத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு கூம்பாக முளை தலைகாட்டும். அதை மூடியிருக்கும் மட்டையில் கரும்பழுப்பாக மயிர் அடர்ந்திருக்கும். வெறுங்கையால் தொட்டால் அன்று முழுக்க அரிப்புத்தான். செலோடேப்பை ஒட்டி இழுத்தால் மயிர் வந்துவிடும், சொறிந்தால் உள்ளே இறங்கும்.

ஒன்றரை அடி விஷயத்தைச் சோதிக்க, பக்கத்தில் ஒரு நெட்டைக் கம்பு நட்டு, காலையில் காலையில் முளையின் உயரத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். நல்ல மழை பெய்த ராத்திரியில் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. முழத்தை ஒரு நாளும் எட்டவில்லை. அதுவும் சில வாரக் கூத்துத்தான். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரம் போய்விடும், அப்புறம் கிளை விடும், இலை விடும், அந்த மரம் அதற்குமேல் ஒரு அங்குலம் வளராது. உள்ளே கெட்டிப்படத்தான் மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறது. நோட்டீஸ்காரர்கள் வேகத்தை மட்டும் விற்கிறார்கள், முற்றுவதற்கு ஆகும் காலத்தைச் சொல்வதில்லை.

இப்போது என் தூர்களில் புதிதாக வரும் மரம் அடியில் ஒரு கைக்குள் அடங்காது. இனத்தின் அளவே 8 முதல் 15 சென்டிமீட்டர் குறுக்களவும், 50, 60 அடி, சில இடங்களில் அதற்கு மேலும் உயரமும். அடியில் வெட்டிப் பார்த்தால் சுவர் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, நடுவில் சின்ன ஓட்டைதான். சாம்பல் பூத்த பச்சை நிறம். கணு நன்றாகப் புடைத்து, அதற்கு மேலே வெள்ளை வளையம் போட்டிருக்கும். அடிக்கணுக்களில் குட்டி வேர்களும் நீட்டிக்கொண்டிருக்கும்.

முள் இல்லை என்பது பாதி உண்மை. முள் மூங்கிலில் இருப்பது போல் கொக்கிமுள் கிடையாது. ஆனால் அடிக்கணுக்களில் இலையில்லாத குச்சிக் கிளைகள் விறைத்து, நுனி கூராக, நாலாபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்தால் ஆணிதான். வீட்டுக்காரரின் லுங்கி இதில் கிழிந்தது ஒன்றிரண்டல்ல. இரண்டாம் வருஷத்திலிருந்து தலை உயரம் வரைக்கும் அவற்றைக் கணுவோடு ஒட்டி நறுக்கிவிட வேண்டும். அந்த வேலையைச் சோம்பலால் விட்டால் மூன்றாம் வருஷம் தூருக்குள் கை நுழையாது, நுழையாத தூரிலிருந்து மரம் எடுக்க முடியாது. நறுக்கிய சிம்பு வீணாகாது. அவரைக்கும் பீர்க்கனுக்கும் ஊன்ற அதைவிடத் தோதான குச்சி இல்லை.

நான் இதை நட்டதே வாழைக்கு முட்டுக்காகத்தான். நேந்திரன் தார் இறங்கும் நேரத்தில் சித்திரை, வைகாசிச் சுழற்காற்று அடித்தால் ஒரு ராத்திரியில் தோட்டமே படுத்துவிடும். வருஷா வருஷம் முட்டுக்கம்புக்குக் கொடுக்கிற காசு வயிற்றெரிச்சல். அந்த வகையில் இந்த மூங்கில் முதல் நாலைந்து வருஷத்துக்கு மட்டும் எனக்குக் கைகொடுத்தது. ஒல்லியாக வந்த ஆரம்பக்கால மரங்கள் முட்டுக்குக் கனகச்சிதம். இப்போது வருவது தடி. பச்சையாகத் தூக்கினால் இரண்டு ஆள் வேண்டும், வாழையைவிட முட்டுக்குக் கனம் அதிகமாகிவிடும் போல இருக்கிறது. நுனிப்பாதியை நறுக்கி முட்டுக்கு வைத்துக்கொண்டு, அடிப்பாதியைப் பந்தல்காரருக்குக் கொடுக்கிறேன். முட்டு ஒன்றுக்காக மட்டும் மூங்கில் வைக்க நினைப்பவர்கள் கல் மூங்கிலே வைக்கலாம். எல்லாத் தோட்டத்துக்கும் பால்கோவாதான் என்று விற்றவர் யாரும் இதைச் சொல்லவில்லை.

வெட்டுவது தனிக் கலை. கூடை முடைகிற குடும்பத்தில் பிறந்து, இப்போது பந்தல்காரர்களுக்கு மரம் வெட்டித் தரும் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வருகிறார். முதல் தடவை பந்தல்காரரும் கூடவே வந்து, வெளிவட்டத்தில் பளபளவென்று நின்ற தடி மரங்களாகப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே போனார். பெரியவர் கொடுவாளை எடுக்கவே இல்லை.

"அம்மிணி, அவரு காட்டுறதெல்லாம் போன மழைக்கு வந்த புள்ளைங்க. இதை வெட்டுனா ஆறு மாசத்துல உளுத்துக் கொட்டிப்போயிருமுங்க. தூரும் கெட்டுப்போகும்."

"அப்போ எதைங்கண்ணா வெட்டலாம்?"

"உள்ளார நிக்குது பாருங்க ஒல்லி, வெள்ளை வெள்ளையா தேமல் புடிச்சாப்ல. அதுதான் முத்துனது."

கொடுவாளின் பின்பக்கத்தால் இரண்டையும் தட்டிக் காட்டினார். இளசு மத்தென்று அடங்கியது, முற்றியது கணீரென்று பேசியது. ஆக, தூரில் தடிமனாக இருப்பது இளசு, ஒல்லியாக இருப்பது கிழம். வியாபாரி கண் தடிமனில்தான் விழும், அதற்கு இடங்கொடுத்தால் தூரின் எதிர்காலம் போச்சு. வெளிவட்டத்து இளமரத்தின் கிழங்குதான் அடுத்த மழைக்கு முளை விடும். மூன்று வருஷம் தாண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். அது நடுவில் இருப்பதால் தூரின் ஒரு பக்கத்தில் வாசல் விட்டு, அதன் வழியாக உள்ளே போய் வெட்டி இழுக்கிறார். மண்ணுக்கு மேலே முதல் கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்று மேலாகவே வெட்டு விழுகிறது. இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் மிச்சக்கட்டை கிண்ணம் மாதிரித் தண்ணீர் பிடித்துக் கொசு வளர்க்கும், கிழங்கும் அழுகும்.

மழை ஓய்ந்து, முளை விடும் வேலையெல்லாம் முடிந்த மார்கழி, தை மாதங்களில்தான் வெட்டு. தேய்பிறையாக இருந்தால்தான் கொடுவாளைத் தொடுவேன் என்பது பெரியவரின் கட்டுப்பாடு. அதில் நான் தலையிடுவதில்லை, பருவம் தப்பக்கூடாது என்பதுதான் என் கணக்கு. மரத்தில் மாவுச்சத்து இருந்தால் உளு வந்தே தீரும். ஓட்டையிலிருந்து வெள்ளை மாவு கொட்ட ஆரம்பித்தால் அந்த மரத்துக்கு விடை கொடுத்துவிடலாம். வெட்டியதைக் குட்டையில் சில வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும், நாற்றம் மட்டும் பக்கத்து வீடு வரைக்கும் போகும். கோழிக்கூடு கட்டியதற்கு மட்டும் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் நிறுத்திக் காயவைத்தோம். அது இன்னும் அப்படியே கெட்டியாக நிற்கிறது. பதப்படுத்தாமல் மண்ணில் நட்ட பந்தல் கால்கள் இரண்டு வருஷத்துக்குள் அடி இற்றுப்போயின. இது இந்த இனத்தின் குறை இல்லை, எல்லா மூங்கிலுக்கும் பொது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் தூருக்கு மண் அணைத்து, தொழுவுரம் போடுகிறேன். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்க வேண்டாம். மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நாம் கணக்குப் பார்க்கிறோம், மூங்கிலுக்கு மணல்சத்து (சிலிக்கா) ரொம்ப வேண்டும். அது இலையில்தான் நிறைய இருக்கிறது, அங்கேயே மக்கட்டும். கோடையில் மட்டும் அந்தச் சருகில் பீடிக்கங்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையாகச் சொல்ல வேண்டியது நிழல். ஐந்தாம் வருஷத்திலிருந்து வரிசைக்குப் பக்கத்துப் பாத்திகளில் மஞ்சள் சோனியாகிவிட்டது. வேர் மேலாகவே பரவி ஈரத்தை உறிஞ்சுகிறது. வரிசைக்கும் பாத்திக்கும் நடுவில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பங்காளி வரப்பை ஒட்டி நட்டிருந்தால் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். நான் வாய்க்கால் பக்கம் நட்டதால் அந்தப் பக்க நிழல் தண்ணீரில் விழுகிறது, யாருக்கும் வழக்கில்லை. கரை அரிப்பு நின்றது தனி லாபம். காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் நடுவதற்கு முன் பத்துத் தடவை யோசியுங்கள். யானைக்கு மூங்கில் என்றால் உயிர். அது வந்தால் மூங்கிலோடு திரும்பிப் போகாது, வாழையையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

"மூங்கில் அரிசி கிடைக்குமா?" என்பது வருகிறவர்களின் இன்னொரு கேள்வி. கிடைக்காது. கடையில் விற்கும் மூங்கில் அரிசி பெரும்பாலும் முள் மூங்கில் நாற்பது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை காடே சேர்ந்து பூத்துக் காய்க்கும்போது பொறுக்குவது. பால்கோவா பூத்தால் விதையும் இல்லை, அதோடு தூரும் காய்ந்துவிடும். அது எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்பதற்கு 35 முதல் 60 வரைக்கும் கணக்குகள் இருக்கின்றன. நம் கன்றெல்லாம் ஏதோ ஒரு தாய்த்தூரின் பிரதி. தாய்க்கு ஏற்கெனவே எவ்வளவு வயதோ, அதுவும் கன்றின் வயதில் சேரும். ஆகவே நூறு வருஷ ஆயுள் என்று எழுதிக் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

அரிசி இல்லை, ஆனால் முளை உண்டு. அசாமில் முளையைத் துருவிப் புளிக்கவைத்து கொரிசா என்று வைத்துக்கொள்கிறார்கள், மீன் குழம்புக்கும் பன்றிக்கறிக்கும் போடுவார்களாம். நான் நெருக்கமாக வந்த முளைகளில் ஒன்றிரண்டை எடுத்து, மட்டை உரித்து, மெலிதாக நறுக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துப் பொரியல் செய்வேன். பச்சையாகத் தின்னக்கூடாது, சயனைடு விடும் சத்து இருக்கிறது, கொதித்தால்தான் போகும். வாயில் வாழைத்தண்டு போல நறுக்கென்று இருக்கிறது. மாமியார் ஒரு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிட்டார், பேரன் இரண்டாம் தடவை கேட்டான்.

கடைசியாகக் காசு. "நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தத்துக்குத் தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். முத்திரைத் தாள் இல்லை, ரசீதுப் புத்தகத்தில் இரண்டு வரி. மரம் முற்றிய வருஷம் போன் செய்தால் முதலில் "ஃபேக்டரி வரப்போகுது" என்றார்கள், அப்புறம் "உங்களுக்கு ஏக்கர் கணக்கு போதாது" என்றார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை இருப்பது நிஜம். அங்கே மூங்கில் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. கோபியிலிருந்து லாரி பிடித்தால் வாடகைக்கே மூங்கில் சரி. நம் பக்கத்துக் காகித ஆலைகள் சவுக்கு, தைலமரம், கரும்புச்சக்கை என்று போய் வெகுகாலமாகிறது. ஆகவே டன் கணக்கை மறந்துவிட்டு, பத்து மைல் சுற்றளவில் பந்தல்காரர், சாரம் கட்டுபவர், ஏணிக்கடை எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஆள் கிடைத்தார்கள். அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டு மரத்துக்கு எண்பது, நூறு தருகிறார்கள். வரிசையாக வைத்தவளுக்கு அது பரவாயில்லாத வரவு, முட்டுக்கம்புச் செலவு பாதிக்கு மேல் மிச்சம். இதை நம்பி நாலு ஏக்கர் போட்டவருக்கு அதே சந்தை போதாது.

வெட்ட அனுமதி வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். மத்திய வனச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் செய்து, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 1882-ஆம் வருஷத்துத் தனி வனச் சட்டம் இருக்கிறது. அதனால் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் வழியில் தலைவலி இருக்காது. தேசிய மூங்கில் இயக்கத்தை 2018-ல் திருத்தி அமைத்தபோது கன்றுக்கு 120 ரூபாய், மூன்று வருஷத்தில் பிரித்துத் தருவதாக மானியம் அறிவித்தார்கள். நடுவதற்கு முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், நட்டுவிட்டுப் போய் நின்றால் பயனில்லை.

வாய்க்கால் ஓரம், ஓடைக்கரை, குட்டைக்கரை இருக்கிறதா, பக்கத்து வயல்காரருக்கு நிழல் விழாதா, வருஷத்தில் சில நாள் சிம்பு நறுக்க ஆள் உண்டா? வாங்குங்கள். கோவை வன மரபியல் நிறுவனத்திலும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும் முதலில் விசாரித்துவிட்டு, அங்கே இருப்பு இல்லையென்றால் தனியாரிடம் போங்கள். தனியாரிடம் வாங்கினால் பையை அமுக்கிப் பார்த்து, ரசீதில் "பம்பூசா பால்கோவா, திசு வளர்ப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை. திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற பேச்சு வந்தால் அதற்குத் தனிப் பணம் கொடுக்காதீர்கள், கன்றுக்கு மட்டும் கொடுங்கள். நடுவதற்கு ஆடி, ஆவணி தோதான மாதம். கன்று வந்த அன்றே நடாமல் பத்து நாள் நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பிறகு நட்டால் வெயிலுக்கு வாடாது.